பாட்டுக்காகப் போட்ட பந்தல்

அந்தப் பாட்டின் வீடியோவில் நான் இருக்கிறேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை, காட்டினாலும் நம்புவதில்லை. பந்தலுக்குக் கீழே வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆண்களில் வெள்ளைச் சட்டை போட்டவன் நான். எல்லோருமே வெள்ளைச் சட்டைதான் என்பது வேறு விஷயம். என் கடைக்கு எரிந்த மோட்டாரைக் கம்பிக் காயில் கட்டக் கொண்டுவருகிறவர்களிடம் ஆரம்பத்தில் நானே போனை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். "இதுல நீங்க எங்கங்க?" என்று கேட்பார்கள். நான் விரலை வைப்பதற்குள் கேமரா நகர்ந்துவிடும். இப்போது காட்டுவதை விட்டுவிட்டேன்.

நாற்பதைத் தாண்டிய ஆள், பூதலூரில் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன், மீசை நரைக்கத் தொடங்கியவன், ஒரு பாடகனுக்கு ரசிகன் என்று சொல்லிக்கொண்டால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். என் தம்பி வாய்விட்டே சிரித்தான். "சினிமா ஹீரோன்னாலும் பரவால்லண்ணே. இவரு போனுக்குள்ள பாடுறவரு" என்றான். அவனுக்குப் பாட்டு என்றால் கிறிஸ்துமஸுக்குக் கோவிலில் பாடுவது, இல்லையென்றால் டிராக்டரில் ஓடுவது. தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற மனிதனை அவன் கொஞ்சம் உடம்புக்கு முடியாதவனாகத்தான் பார்ப்பான்.

நான் ரசிகனான கதையை அவனிடம் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அப்பாவின் சாவைப் பற்றிப் பேச வேண்டும். அந்த நாளைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே கிடையாது.

அப்பா இறந்தபோது நான் துபாயில் ஏ.சி. மெக்கானிக். கொரோனாவுக்காக விமானங்கள் எல்லாம் நின்றுபோயிருந்த நேரம். அப்பாவுக்கு வந்தது கொரோனா இல்லை, நெஞ்சுவலி. ஆனால் என்ன வந்து போனாலும் நான் கிளம்ப முடியாது. வேலையும் இல்லை, தொழிலாளர் கேம்ப்பை விட்டு வெளியே போகவும் கூடாது. அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு என்னுடையது. என் மூக்குக்கும் கூரைக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். அங்கே படுத்துக்கொண்டுதான் அப்பாவின் அடக்கத்தை வீடியோ காலில் பார்த்தேன்.

பார்த்தேன் என்று சொல்வது மரியாதைக்காக. நான் பார்த்தது வானம். வெளுத்துப்போன மத்தியான வானம். நடுநடுவே யாரோ ஒருவருடைய முழங்கை. ஒரு தடவை பெட்டியின் ஓரம். மறுபடியும் வானம். "நேராப் புடிங்க, நேராப் புடிங்க" என்று கத்தினேன். கேட்கிறவர் யாரும் இல்லை. ஊரே திரண்டு நிற்கும்போது போனைப் பிடிக்கத் தெரிந்த ஒருத்தன்கூடவா கிடைக்கவில்லை என்று அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு அடங்கவே இல்லை. எவன் கையில் கொடுத்தீர்கள் என்று வீட்டில் கேட்கவும் இல்லை. பேர் தெரிந்தால் அந்த ஆளோடு ஆயுசுக்கும் பேச முடியாது என்று பயம்.

அதே கட்டிலில்தான், அதே வாரத்தில், இந்தப் பாடகனைக் கேட்டேன். கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட ஒருவன் வாய்க்கால் கரையோடு ஊருக்கு நடந்து போகிற பாட்டு. பெரிய வாத்தியம் எதுவும் கிடையாது. ஒரு பறையும் குரலும்தான். பாட்டு முடிகிறவரை அவன் நடந்துகொண்டே இருப்பான். போய்ச் சேர்ந்தானா என்று பாட்டு சொல்லாது. அதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். காதில் அது ஓடிக்கொண்டிருந்தவரையில் நானும் ஊரைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். நிறுத்தினால் கட்டிலில் கிடந்தேன். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் அந்த மாதத்தில் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதை ஒரு நாள் அந்த மனிதரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ரசிகத்தனம் முழுவதும். மற்றபடி கட்அவுட்டோ பால் குடமோ என்னிடம் இல்லை.

ஊருக்கு வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் அப்பாவின் கல்லறையில் சிமெண்டு பூசி, பேர் எழுதி, அந்த எழுத்தும் மங்கத் தொடங்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு என்று ஒரு முறை உண்டு. வீட்டு ஆண்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வரிசையின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொருவரிடமும் இரண்டு கைகளையும் நீட்டுவார். உட்கார்ந்திருப்பவரும் நீட்டுவார். விரல்கள் தொட்டு விலகும். அவ்வளவுதான், பேச்சு கிடையாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விடுவார். சாவு வீட்டில் வருகிறவரை யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். போகிறவரும் வரேன் என்று சொல்ல மாட்டார். எங்களைப் போன்ற வேதக்காரக் குடும்பமானாலும் மற்றவர்களானாலும் இதில் வித்தியாசம் இல்லை.

அந்த வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி இருந்திருக்க வேண்டும். மூத்தவன் என்பதால் முதல் நாற்காலி. நான் இல்லாததால் தம்பி உட்கார்ந்திருப்பான். ஊர் ஊராக வந்தவர்கள் அவன் கைகளைத் தொட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அவனுக்கு அப்பாவின் சாவு முடிந்துவிட்டது, எனக்குத்தான் முடியவே இல்லை என்று நினைத்துக்கொள்வேன். பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பேர் ஒன்றும் வைக்கத் தேவையில்லை.

போன ஐப்பசியில் அந்தப் பாடகன் புதுப் பாட்டு ஒன்றின் வீடியோவை எங்கள் பக்கத்தில் எடுக்கப்போவதாகவும், கூட்டத்தில் நிற்க ரசிகர்கள் வரலாம் என்றும் அறிவித்தார். நம்பர் போட்டிருந்தார்கள். கூப்பிட்டேன். உதவி இயக்குநர் என்று ஒரு இளைஞர் எடுத்தார்.

"சொல்லுங்க ப்ரோ. ஏஜ் என்ன?"

சொன்னேன்.

"அங்கிள், சூப்பர்! உங்கள மாதிரி ஆளுதான் வேணும். வர்றவங்க எல்லாம் காலேஜ் பசங்க. இது சாவு வீட்டு சீன். சைடு முடிய மழிச்சுட்டு வர்றவன எல்லாம் எப்படிப் பங்காளின்னு உக்கார வைக்கிறது? உங்க வயசுல இன்னும் ஒருத்தர் இருந்தா கூட்டிட்டு வாங்க."

ஒரே கேள்வியில் ப்ரோவிலிருந்து அங்கிளாகிவிட்டேன். பரவாயில்லை. ஆனால் சாவு வீட்டு சீன் என்றதும் எனக்குள் என்னவோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

தம்பி வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சம்பா நட்டு முடித்து, மேலுரம் போட வேண்டிய வாரம். கேட்டுப் பார்த்தேன். "சாப்பாடு உண்டா?" என்றான். பிரியாணி என்று சொன்னேன். "சாவு வீட்டுல பிரியாணியா? இதப் பாக்கவே வரலாம்" என்றான். அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்கு வாங்கிய பூவில் மிச்சம் இருந்ததை மாதா படத்துக்குச் சரமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருக்கறவங்கள சாவு வீட்டுல உக்கார வச்சுப் படம் புடிக்கிறதா? என்ன கூத்துடா இது?"

"பொய்ச் சாவும்மா" என்றான் தம்பி.

"நெசச் சாவோ பொய்ச் சாவோ, திரும்பி வந்து குளிக்காம உள்ள கால வைக்கக் கூடாது, ஆமா."

தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் பாடகனிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். நீளமாக இருந்தது, குறைத்தேன். குறைத்தால் கடைக்கு வந்த கஸ்டமரிடம் நன்றி சொல்வதைப்போல இருந்தது.

வாய்க்கால் ரோட்டின் மேல் ஒரு பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரர் வயதானவர், சில வருஷங்களாகத் திருச்சியில் மகள் வீட்டோடு இருக்கிறார், வீடு பூட்டித்தான் கிடக்கும் என்று தம்பி சொன்னான். அதை வாடகைக்கு எடுத்து, வாசலில் பந்தல் போட்டு, நாற்காலிகள் அடுக்கி, நடுவில் ஐஸ் பெட்டியும் வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் ஆள் இல்லை. வெடித்த மண்கட்டிகளும் காய்ந்த வைக்கோலும், மேலே ஒரு ரோஜா மாலையும் கிடந்தன. விவசாயம் செத்துப்போய்விட்டது என்பதுதான் பாட்டின் கருத்தாம். டைரக்டருக்கு ஒரே ஒரு பிரச்சினை. வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் வயல் பச்சைப்பசேல் என்று நின்றது. வாய்க்காலில் தண்ணீர் தளும்பிப் போயிற்று.

"வறண்ட வயல் பக்கத்துல எங்கயும் இல்லையா?" என்று அவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்.

"கோடையில வந்திருக்கணுங்க" என்றான் தம்பி, ரொம்பப் பணிவாக.

பச்சை விழாதபடி கேமராவை வீட்டைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். உதவி இயக்குநர் பந்தல் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் "வாங்க வாங்க, உக்காருங்க" என்று வரவேற்றார். தம்பி என் காதில், "சாவு வீட்டுல வாங்கங்கறான் பாரு" என்றான். அவனுக்கு ஏகக் கொண்டாட்டம். முதல் இரண்டு நாற்காலியில் கல்லூரிப் பையன்கள், அடுத்து நான், எனக்குப் பக்கத்தில் தம்பி. தலையைக் குனிந்துகொள்ள வேண்டும், கைகளை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், கேமராவைப் பார்க்கக் கூடாது. இவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லித்தந்த நடிப்பு.

பாடகன் வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிடச் சின்ன வயசு. கறுப்புச் சட்டை போட்டு, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்போடு இருந்தார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பந்தல் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த வயசில் அப்படி அடிக்கும் என்று எனக்கே தெரியாது. எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று யோசிப்பதற்குள் "சைலன்ஸ்" என்று கத்தினார்கள்.

ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. அதைக் கேட்டுத் திடுக்கிட்டுப் போனேன். படம் மெதுவாக நகர வேண்டும் என்றால் எடுக்கும்போது பாட்டை இரட்டை வேகத்தில் ஓட விடுவார்களாம். பின்னால் படத்தை இழுத்து மெதுவாக்கினால் வாயசைவு சரியாகப் பொருந்துமாம். நான் ஒரு மாதம் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த அந்தக் குரல் சுண்டெலிக் குரலாகக் கீச்சுக்கீச்சென்று ஒப்பாரி பாடியது. பாடகனும் வாயைப் படபடவென்று அசைத்தார். பக்கத்துப் பையன்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கினார்கள். தம்பிக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. டைரக்டர் கட் சொல்லிவிட்டு எங்களைத் திட்டினார். மறுபடியும் எடுத்தார்கள், மறுபடியும் சிரித்தோம். நடுவில் ஒரு தூறல் வந்து எல்லாவற்றையும் மூடி வைத்தார்கள். தூறல் விட்டதும் மறுபடியும்.

பாடகன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் மனசு தொங்கிப்போய்விட்டது. அந்தப் பழைய பாட்டும் இப்படித்தான் எங்கேயோ ஒரு பந்தலில் அவசர அவசரமாக எடுக்கப்பட்டதோ என்று தோன்றியது. நான் கேட்டதெல்லாம் யாரோ இழுத்து மெதுவாக்கியதோ என்று ஒரு சந்தேகம். சொல்ல வந்ததைச் சொல்லாமலே பிரியாணியைத் தின்றுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு பெரியவர் வந்தார்.

ரோட்டில் வண்டிகளை நிறுத்திவைக்கப் போட்டிருந்த ஆள் டீ குடிக்கப் போயிருந்திருக்க வேண்டும். பின்னால் யூரியா மூட்டை கட்டிய ஒரு பழைய மொபெட் பந்தலுக்கு எதிரே வந்து நின்றது. வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். நனைந்த வேட்டி. மூட்டையின் மேல் பாலிதீன் தாளை இழுத்து மூடினார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பந்தலுக்குள் நுழைந்துவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கர் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. அவர் எதையும் கவனிக்கவில்லை. பூட்டிக் கிடந்த வீட்டின் வாசலில் பந்தலும் வரிசையும் ஐஸ் பெட்டியும் இருக்கின்றன. அவருக்கு அது போதும்.

முதல் நாற்காலிப் பையனிடம் இரண்டு கைகளையும் நீட்டினார். பையன் விழித்தான், நீட்டினான். அடுத்தவனும் நீட்டினான். அடுத்து நான். மடியில் இருந்த என் கைகள் என்னைக் கேட்காமல் மேலே போயின. அவருடைய விரல்கள் ஈரமாக, காய்ப்புக் காய்ப்பாக, உர வாடையோடு வந்து தொட்டன. அவ்வளவுதான். விலகிவிட்டன. அந்தத் தொடுகை யாருக்கானது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷம் கழித்து, வைக்கோலைச் செத்துப்போனதாக வைத்திருந்த ஒரு பந்தலில், முன்பின் தெரியாத ஒரு மனிதர் என்னிடம் அப்பாவுக்காகத் துக்கம் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். அழுதேன். கேமரா பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் தம்பியிடம் போனார். தம்பி எழுந்து நின்றுவிட்டான். எழுந்திருக்கவே கூடாது என்று அத்தனை தடவை சொல்லியிருந்தார்கள். நீட்டிய கைகளை அவன் தொட்டுவிட்டு விடவில்லை. பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து கேலி பேசிக்கொண்டிருந்த வாய் இறுகியிருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. அப்படியே நின்றார்.

யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். தம்பி கையை விட்ட பிறகு அவர் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். மண்கட்டியையும் வைக்கோலையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். உதவி இயக்குநர் ஓடிவந்தார்.

"ஐயா, ஐயா, இது ஷூட்டிங். பாட்டுக்காகப் போட்ட பந்தல்."

"அப்ப வீட்டுக்காரரு?"

"அவரு திருச்சில நல்லா இருக்காருங்க. அவர்கிட்ட கேட்டுத்தான் வீட்ட எடுத்திருக்கோம்."

"நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு சேதி சொல்லலியே, பெட்டிய எடுக்கறதுக்குள்ள மூஞ்சியப் பாத்துரணும்னு ஓடியாந்தேன்." பையன்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. அவரும் கூச்சத்தோடு சிரிக்கப் பார்த்தார். பிறகு தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்ப யாருதான் செத்தது?"

"விவசாயங்க ஐயா" என்றார் உதவி இயக்குநர். "அதுதான் கான்செப்டு."

"ஆளு யாரும் இல்லையா?"

எனக்கு வாய் திறந்தது. ஆனால் சொன்னது நான் இல்லை.

"எங்க அப்பா" என்றான் தம்பி.

"எப்ப தம்பி?"

"கொரோனா சமயத்துல."

"அடடா." அவர் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்ப யாரும் வந்திருக்க மாட்டாங்களே."

"யாரும் வரலங்க. தெருவுல வேற ஒரு ஊட்டுல வந்துருச்சுன்னு தகரம் அடிச்சு வச்சிருந்தாங்க. பந்தல் போடல. சேர்கூட எடுக்கல. சாமியாரு, நானு, இன்னும் ரெண்டு பேரு. அவ்வளவுதான். எல்லாம் போன்லதான் கேட்டாங்க."

நான் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரே திரண்டு நின்றதாக நான் கட்டிலில் படுத்தபடி கட்டி வைத்திருந்த அந்தக் கூட்டம் இருந்ததே இல்லை. நான் பொறாமைப்பட்ட நாற்காலியும் இல்லை. அவன் கைகளையும் யாரும் தொடவில்லை. அப்பாவின் சாவு அவனுக்கும் முடியாமல்தான் கிடந்திருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே சோற்றுப் பானையில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறோம். எனக்கு அவன் மேல் பாசம் வந்ததா, என் மேல் கோபம் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான்.

"இவரு?" என்று அவர் என்னைக் காட்டிக் கேட்டார்.

"எங்க அண்ணன். வெளிநாட்டுல இருந்தாரு. வர முடியல."

அவர் திரும்பவும் வந்தார். இந்தத் தடவை என்னிடம் முதலில். மூத்தவன் யாரென்று தெரிந்துவிட்டது அல்லவா. கைகளை நீட்டினார், நீட்டினேன். பிறகு தம்பியிடம். முடித்துவிட்டு எங்களுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டை மடியில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். டைரக்டர் வானத்தைப் பார்த்தார், வெளிச்சம் போகிறது என்று என்னவோ சொல்ல வந்தார். பாடகன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பந்தல் துணியில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு அவர் எழுந்தார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். எங்களைப் பார்க்காமல், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். "ஐயா, உங்க போன் நம்பர் குடுத்துட்டுப் போங்க, வீடியோ வந்தா அனுப்பறோம்" என்று உதவி இயக்குநர் பின்னால் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. காது கேட்காமல் இல்லை. ஷூட்டிங் என்று தெரிந்த பிறகும் அவர் வந்துவிட்டுப் போனது சாவு வீட்டுக்குத்தான். மொபெட் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கிளம்பி, வாய்க்கால் ரோட்டில் மூட்டையோடு ஆடி ஆடிப் போனது.

அதற்குப் பிறகும் படப்பிடிப்பு நடந்தது. அதே கீச்சுப் பாட்டுதான். இந்தத் தடவை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டைரக்டருக்கு ரொம்பத் திருப்தி. நாங்கள் நன்றாக நடித்ததாகச் சொன்னார்.

முடிந்ததும் ரசிகர்கள் பாடகனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருவராகச் செல்ஃபி எடுத்தார்கள். என் முறை வந்தது. நான் போனை எடுக்கவில்லை. அவரும் தோளில் கை போடவில்லை. என்னைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற தம்பியைப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். அவரும் இந்தப் பக்கத்து ஆள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீட்டினேன். விரல்கள் தொட்டு விலகின. நான் கேம்ப்பில் தொடங்கி பைக்கில் வரும்வரை சேர்த்து வைத்திருந்த அந்த வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கை நீட்டியவரிடம் யாரும் பேசுவதில்லை. விழுங்கிவிட்டேன். வருத்தமாக இல்லை. சொன்னால்கூட அவருக்கு இவ்வளவு புரிந்திருக்காது.

"போயிட்டு வாங்கண்ணே" என்று உதவி இயக்குநர் கையசைத்தார். மறுபடி என்னை அங்கிளிலிருந்து அண்ணனாக இறக்கியிருந்தார். நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பிப் பார்க்காமல், ஒன்றும் சொல்லாமல் பைக் இருந்த இடத்துக்கு நடந்தோம். பிரியாணிப் பொட்டலத்தைக்கூட வாங்கவில்லை. அது தம்பிக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஒரு கிலோமீட்டர் தூரம் அதற்காகவே என்னைத் திட்டிக்கொண்டு வந்தான். கேட்க நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. அம்மா சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "பின்னால போங்க" என்று மட்டும் சொன்னாள். கொல்லையில் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு குந்தினேன். தம்பி குவளையில் மொண்டு என் தலையில் ஊற்றினான். ஐப்பசித் தண்ணீர், சில்லென்று முதுகெல்லாம் இறங்கியது. துபாயில் அன்றைக்கு நான் குளிக்கக்கூட இல்லை. கட்டிலைவிட்டு இறங்கியிருந்தால்தானே.

பிறகு அவன் உட்கார்ந்தான். நான் குவளையை வாங்கிக்கொண்டேன். ஊற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீர் வழிய, தலை குனிந்தபடி சொன்னான்:

"அன்னைக்குப் போன புடிச்சிருந்தது நான்தாண்ணே. தூக்கறதுக்கு ஆளு பத்தல. ஒரு கை பெட்டியப் புடிச்சிருந்துச்சு, ஒரு கையில போனு. உனக்கு வானமாத்தான் தெரிஞ்சிருக்கும்."

தொட்டியில் குவளையை முக்கினேன். பாதிதான் நிறைந்தது. மறுபடி மொண்டு, முழுக் குவளையாக அவன் தலையில் ஊற்றினேன்.